அமைதியின் விதைகள் (அமைப்பு)

அமைதியின் விதைகள் அல்லது சீட்ஸ் ஆஃப் பீஸ் என்பது, ஒன்றோடொன்று பகைமை கொண்ட நாடுகளையும் சமூகங்களையும் சேர்ந்த பள்ளி மாணவர்களை ஓரிடத்தில் சேர்ந்து வாழச் செய்து, அவர்களிடையே புரிந்துணர்வையும் தலைமைப் பண்பையும் வளர்க்க முயலும் ஓர் இலாப நோக்கற்ற அமைப்பு ஆகும். இது 1993 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. மேய்ன் மாநிலத்தில் உள்ள ஓட்டிஸ்ஃபீல்ட் என்னும் சிற்றூரில், பிளசன்ட் ஏரிக்கரையில் இதன் கோடை முகாம் அமைந்துள்ளது. முகாமில் பங்கேற்றவர்கள் "விதைகள்" என்றே அழைக்கப்படுகின்றனர்.

தோற்றம்

இவ்வமைப்பை நிறுவியவர் அமெரிக்க இதழாளர் ஜான் வாலக் ஆவார். ஹெர்ஸ்ட் செய்தித்தாள் நிறுவனத்தின் வெளிநாட்டுச் செய்தி ஆசிரியராகப் பணியாற்றிய இவர், மத்திய கிழக்குச் சிக்கலைப் பல ஆண்டுகள் எழுதி வந்தவர். இவருடைய பெற்றோர் நாட்சிகளின் கொடுமையிலிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறியவர்கள்.

1993 பெப்ரவரி 26 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்து ஆறு பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் வாஷிங்டனில் நடந்த ஒரு விருந்தில், இஸ்ரேல், எகிப்து, பாலஸ்தீனத் தரப்பினரிடம் தத்தம் பகுதியிலிருந்து சில மாணவர்களை ஒரு கோடை முகாமுக்கு அனுப்புமாறு வாலக் கேட்டுக்கொண்டார். மூன்று தரப்பினரும் அதற்கு இசைந்தனர். அவ்வாண்டுக் கோடையில் 46 மாணவர்களுடன் முதல் முகாம் நடைபெற்றது. 1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஒஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இம்மாணவர்களும் பார்வையாளர்களாக அங்கு இருந்தனர்.

வாலக் 2002 ஆம் ஆண்டு காலமானார்.

முகாமின் செயல்முறை

பொதுவாக 14 முதல் 16 வயது வரை உள்ள மாணவர்கள் சேர்க்கப்படுகின்றனர். கருத்துகள் முற்றிலும் இறுகிவிடாத, அதேவேளையில் அரசியலைப் பேசும் அளவுக்கு முதிர்ச்சி வந்துவிட்ட வயது இது. முகாம் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நடைபெறும்.

தொடக்க நாளில் முகாமின் வாயிலுக்கு வெளியே ஒவ்வொரு நாட்டின் கொடியும் ஏற்றப்பட்டு, நாட்டுப்பண் பாடப்படும். அதன்பின் அனைவரும் உள்ளே செல்வர். உள்ளே அமைப்பின் கொடி மட்டுமே பறக்கும். மாணவர் தம் அடையாளத்தைத் துறக்க வேண்டியதில்லை என்பதும், உள்ளே அனைவரும் சமம் என்பதும் இச்சடங்கின் பொருள் ஆகும்.

தங்கும் குடில்களும் உணவு மேசைகளும் பல தரப்பினரும் கலந்திருக்குமாறு ஒதுக்கப்படுகின்றன. இஸ்ரேலிய மாணவரும் பாலஸ்தீன மாணவரும் அடுத்தடுத்த கட்டில்களில் உறங்குவர். எதிர்த் தரப்பைச் சேர்ந்த ஒருவரை வாழ்நாளில் முதன்முறையாக நேரில் சந்திப்பது பலருக்கு இங்குதான்.

முகாமின் மையமான பகுதி, பயிற்சி பெற்ற நெறியாளர்களின் முன்னிலையில் நடைபெறும் அன்றாட உரையாடல் அமர்வு ஆகும். நிலம், குடியேற்றங்கள், குண்டுவெடிப்புகள், சோதனைச்சாவடிகள், உறவினரின் இழப்பு ஆகியவை இதில் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. சினமும் அழுகையும் வழக்கமானவை. கருத்து ஒற்றுமை ஏற்படுத்துவது இதன் நோக்கமன்று. எதிர்த் தரப்பினர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்கப் பழகுவதே நோக்கமாகும்.

முகாமின் இறுதி நாட்களில் அனைவரும் பச்சை, நீலம் என இரு அணிகளாகப் பிரிக்கப்பட்டு விளையாட்டு, கலை, அறிவுப் போட்டிகளில் மோதுவர். அணிகள் நாட்டின் அடிப்படையில் பிரிக்கப்படுவதில்லை என்பதால், உரையாடலில் எதிரெதிரே அமர்ந்தவர்கள் ஒரே அணியின் வெற்றிக்காக உழைக்க நேரிடுகிறது.

கோட்பாட்டு அடிப்படை

இத்தகைய முயற்சிகளுக்கு அடிப்படையாகக் கருதப்படுவது, அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954 இல் முன்வைத்த தொடர்புக் கருதுகோள் ஆகும். வெறும் சந்திப்பு மட்டும் வெறுப்பைக் குறைத்துவிடாது. சம நிலை, பொதுவான இலக்கு, கூட்டு முயற்சி, அதிகாரத்தில் உள்ளோரின் ஆதரவு ஆகிய நான்கும் அமையும்போதே குழுக்களிடையேயான முற்சாய்வு குறையும் என்பது இதன் சாரம். முதல் மூன்றையும் முகாமுக்குள் உருவாக்கிக்கொள்ள இயலும். நான்காவது, மாணவர் திரும்பிச் செல்லும் சமூகத்தையே சார்ந்துள்ளது.

தெற்காசியா

2001 ஆம் ஆண்டு முதல் இந்திய, பாகிஸ்தானிய மாணவர்களும், பின்னர் ஆப்கானிஸ்தான் மாணவர்களும் முகாமில் பங்கேற்றனர். இந்திய, பாகிஸ்தானிய மாணவர்கள் மும்பையிலும் லாகூரிலும் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கும் பயணங்களும் நடைபெற்றன.

உரையாடலின்போது, ஒரே வரலாற்று நிகழ்வை இரு நாட்டுப் பாடநூல்களும் வெவ்வேறாகக் கற்பிப்பதை இம்மாணவர்கள் உணர்ந்தனர். இதன் விளைவாக, முன்னாள் பங்கேற்பாளர்களின் முயற்சியில் 2013 இல் ஒரு நூல் வெளியானது. பிரிவினைக்கு முந்தைய நிகழ்வுகளைப் பற்றி இரு நாட்டுப் பாடநூல்களும் கூறுவதை அருகருகே வைத்துக் காட்டும் இந்நூல், எது சரி எனத் தீர்ப்பு வழங்குவதில்லை.

அசெல் அஸ்லேயின் மரணம்

அசெல் அஸ்லே, இஸ்ரேலின் கலிலேயப் பகுதியில் உள்ள அர்ராபா ஊரைச் சேர்ந்த அரபுக் குடிமகன். முகாமில் பங்கேற்று, இரு தரப்பிலும் நண்பர்களைப் பெற்றிருந்தார். 2000 அக்டோபர் 2 அன்று, தம் ஊரருகே நடந்த ஆர்ப்பாட்டத்தின்போது இஸ்ரேலியக் காவல்துறையினரால் சுடப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 17. முகாமின் பச்சை நிறச் சட்டையை அவர் அணிந்திருந்தார்.

அம்மாதத்தில் நிகழ்ந்த இத்தகைய மரணங்களை ஆராய அமைக்கப்பட்ட ஓர் ஆணையம் 2003 இல் அறிக்கை அளித்தது. எனினும் 2008 இல், எவர் மீதும் குற்றம் சாட்டப்படாமலேயே வழக்குகள் முடித்துவைக்கப்பட்டன. இம்மரணம் இரு தரப்பு "விதைகள்" இடையேயும் ஆழ்ந்த துயரத்தையும், முகாமில் கற்றவை வெளியுலகில் எந்த அளவுக்குப் பயன்படும் என்ற கேள்வியையும் எழுப்பியது.

பயன் குறித்த ஆய்வு

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியானா ஷ்ரோடர், ஜேன் ரைசன் ஆகியோர் இம்முகாமின் இஸ்ரேலிய, பாலஸ்தீன மாணவர்களிடம் முகாமுக்கு முன்பும், முடிவிலும், பல மாதங்கள் கழித்தும் கருத்தாய்வு நடத்தினர். முகாமின் முடிவில் எதிர்த் தரப்பு குறித்த மனப்பான்மை மேம்பட்டிருந்தது. ஊர் திரும்பிய பின் அதில் ஒரு பகுதி மறைந்தபோதிலும், முகாமுக்கு முந்தைய நிலையைவிட மேலானதாகவே இருந்தது. எதிர்த் தரப்பில் ஒரு நெருங்கிய நண்பரையேனும் பெற்றவர்களிடம் மாற்றம் கூடுதலாகக் காணப்பட்டது.

விமர்சனங்கள்

* ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்வோரையும் அரசு அதிகாரம் உள்ள தரப்பினரையும் சமமாக அமர்த்துவது, நடப்பு நிலையை இயல்பானதாகக் காட்டிவிடும் எனப் பாலஸ்தீனர் பலர் கருதுகின்றனர்.
* முகாமுக்குச் சென்று வருவோர் சொந்த ஊரில் ஐயத்துடன் நோக்கப்படுவதும் உண்டு.
* இஸ்ரேலிய மாணவர்களுள் பெரும்பாலோர் 18 வயதில் கட்டாய இராணுவச் சேவையில் சேர வேண்டியுள்ளது. முகாமில் நண்பராக இருந்தவரைச் சோதனைச்சாவடியில் எதிர்கொள்ள நேரிடுமோ என்ற அச்சம், உரையாடல்களில் மீண்டும் மீண்டும் எழும் ஒன்றாகும்.
* முகாம் தனிமனிதரை மாற்றினாலும், அரசுகளின் கொள்கையை மாற்றுவதில்லை என்பது மற்றொரு விமர்சனம்.

இவற்றைக் கருத்தில் கொண்டு, முகாம் முடிந்த பின்னரும் முன்னாள் மாணவர்களுக்குத் தொடர் சந்திப்புகளையும் தலைமைப் பயிற்சிகளையும் இவ்வமைப்பு நடத்தி வந்துள்ளது. கல்வி, இதழியல், சட்டம், மருத்துவம் முதலிய துறைகளில் பணியாற்றும் ஆயிரக்கணக்கான முன்னாள் மாணவர்கள் இதற்கு உள்ளனர்.