பொம்மை வீரனுக்கு எந்தக் கார் பொருந்தும்?

மேசையில் அட்டை வீடுகளும் சாலைகளும் அமைத்து, சிறு வீரர்களை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டில் பொம்மைக் கார்களையும் நிறுத்துவார்கள். நிறுத்தியதும் சில சமயம் வீரன் ராட்சதனாகத் தெரிவான். ஏன்?

இந்த வீரர்களை ‘28 மில்லிமீட்டர்’ என்று விற்பார்கள். பெரும்பாலும் அது பாதத்திலிருந்து கண் வரையிலான உயரம். மனிதனின் கண் உயரத்தை 1,600 மில்லிமீட்டர் என வைத்து வகுத்தால், விகிதம் ஏறக்குறைய 1:57. ஹாட் வீல்ஸ் கார்களோ 1:64 எனப்படுபவை. 4.5 மீட்டர் நீளக் கார் 1:57இல் 79 மில்லிமீட்டர்; 1:64இல் 70 மில்லிமீட்டர்தான். சரி, 1:43 கார் வாங்கலாமா? அதன் நீளம் 105 மில்லிமீட்டர். 1:64 காரைவிட நீளம் ஒன்றரை மடங்கு. கன அளவோ மூன்று மடங்குக்கும் மேல்! அதனால்தான் அது பூதம்போல் தெரிகிறது. என் தேர்வு 1:50 அல்லது 1:60.

பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பழைய மேட்ச்பாக்ஸ் பொம்மைகள் சிறு பெட்டிக்குள் அடங்குமாறு செய்யப்பட்டவை. அதனால் பேருந்தும் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளம். அளவுகோலை எடுங்கள். உண்மை நீளத்தைப் பொம்மையின் நீளத்தால் வகுங்கள். 3.9 மீட்டர் காருக்குப் பொம்மை 65 மில்லிமீட்டர் என்றால் 1:60.

இன்னொன்று: வீரனின் காலடித் தட்டு. 3 மில்லிமீட்டர் தடிமன் 1:57இல் 17 சென்டிமீட்டருக்குச் சமம். நடைபாதை விளிம்பில் ஏறி நிற்பதுபோல. காருக்கடியிலும் அதே தடிமனில் ஓர் அட்டை ஒட்டினால் போதும்.