பெங்களூர்த் தண்டிலிருந்து ஒலிம்பிக் அரங்கிற்கு

பெங்களூரில் கால்பந்தாட்டம் வேரூன்றிய இடம் தண்டுப் பகுதியாகும். 1809-இல் அங்குப் படைமுகாம் அமைந்தது. படையைத் தொடர்ந்து தமிழ் மாவட்டங்களிலிருந்து சிப்பாய்களும் தொழிலாளரும் வணிகரும் வந்து குடியேறினர். வெள்ளைச் சிப்பாய்கள் மைதானத்தில் ஆடியதை வேலிக்கு அப்பால் நின்று கண்ட சிறுவர்கள், மாலையில் தெருவிலே வெறுங்காலுடன் அதனைப் பயின்றனர். அச்சிறுவர்களுள் தமிழரும் உண்டு, உருது பேசுவோரும் உண்டு. பந்துக்கு மொழி ஏது?

1926 டிசம்பர் 24-ஆம் நாள் பெங்களூரில் பிறந்த அகமது கான் இச்சூழலில் வளர்ந்தவர். தந்தையார் பாபா கானும் பந்தாட்டக்காரரே. இக்காலத்தில் உள்ளவாறு வயதுவாரியான பயிற்சிக் கூடங்கள் அன்று இல்லை. இளைஞன் ஒருவன் முதலில் வட்டாரக் கழகமொன்றில் இடம்பெற வேண்டும். பின்னர் மாநில அணி. அங்கே சந்தோஷ் கோப்பைப் பந்தயங்களில் தேர்வாளர் கண்ணில் படவேண்டும். அகமது கான் ஏறியதும் இப்படிகளையே. கிரசென்ட்ஸ் கழகத்திலும், 1937, 1938 ஆகிய ஆண்டுகளில் ரோவர்ஸ் கோப்பையை வென்று புகழெய்தியிருந்த பெங்களூர் முஸ்லிம்ஸ் கழகத்திலும் அவர் ஆடினார். 1946-47-இல் மைசூர் அணி வங்காளத்தை வென்று சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. அதன்பின் பெங்களூர் ஆட்டக்காரரைப் புறக்கணிப்பது எவர்க்கும் எளிதாக இல்லை.

1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியா பிரான்சை எதிர்த்து ஆடியது. பெரும்பாலோர் காலணியின்றியே களமிறங்கினர். மைசூர் வீரர் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். ஆயினும் 2-1 என்ற கணக்கில் தோல்வி. வெறுங்காலே தோல்விக்குக் காரணம் என்று பலர் கூறுவர். அன்று இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின என்பதையே யான் முதற்கண் குறிப்பிடுவேன்.

தாயகத்தை விட்டுப் பிழைப்புத் தேடிய நேயர்களுக்கு அடுத்த பகுதி அந்நியமாகத் தோன்றாது. பெங்களூரில் திறமை இருந்தது. ஆட்டக்காரனுக்கு வருவாயும் பெரும் கூட்டமும் கல்கத்தாவில் இருந்தன. 1949-இல் அகமது கான் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே ஆகியோருடன் அமைந்த முன்வரிசையைக் கல்கத்தா ரசிகர் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடினர். ஐவரும் தென்னகத்தார்! மொழியறியாத ஊரில் அவர்களுக்குக் கிடைத்த அன்பு வியப்புக்குரியது. 1949 முதல் 1951 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயம் அக்கழகத்திற்கே உரியதாயிற்று.

1951-இல் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டில் இந்தியா ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது. அவ்வணியிலும் அவர் இருந்தார். மறுஆண்டு ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா 10-1 எனத் தோற்கடித்தது. அந்த ஒற்றைக் கோல் அகமது கானுடையது. இத்தோல்விக்குப் பின்னரே இந்திய வீரர்க்குக் காலணி கட்டாயமாயிற்று.

2017 ஆகஸ்டில், தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தார். பெங்களூர் செல்லும் நேயர்கள் அல்சூரை அடுத்த கௌதமபுரத்தையும் பார்த்து வரலாம். தமிழர் மிகுந்து வாழும் அப்பேட்டையில், தெருவோரத்தில் பீலேயின் சிலை நிற்கிறது.