படகு டிரெய்லரின் பேரிங்: கெடுவது சாலையில் அல்ல

டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நிதானமாகப் பேசவேண்டிய விஷயம் இது. மெல்போர்ன் பக்கம் சொந்தப் படகு வைத்திருக்கும் நம்மவர்களில் பலருக்கு டிரெய்லரின் பேரிங் நினைவுக்கு வருவது செப்டம்பரில்தான். அக்டோபரில் போர்ட் ஃபிலிப் வளைகுடாவில் ஸ்னாப்பர் மீன் வரத்து தொடங்கிவிடும். அதற்குள் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாம் என்பது கணக்கு. அந்த வேலையை மே மாதமே, குளிர்காலத்துக்குப் படகை ஓரம்கட்டும் முன்பே, செய்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். காரணத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், ஹப்புக்குள் என்ன இருக்கிறது? சக்கரத்தை போல்ட் போட்டுப் பிடித்திருக்கும் இரும்புக் குடம்தான் ஹப். அதற்குள் இரண்டு பேரிங்குகள்: உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. இரண்டும் கூம்பு வடிவ உருளைகள் கொண்டவை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன் 1898இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. வண்டி திரும்பும்போது பாரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். சாய்வாக அமைந்த உருளைகள் இரண்டையும் தாங்கும். உருளைகளோடு சேர்ந்த உள்பகுதிக்குக் கோன் என்று பெயர். ஹப்புக்குள் இறுக்கமாக அடித்து இறக்கிய வளையம் கப். பின்பக்கத்தை ஒரு ரப்பர் சீல் மூடுகிறது. முன்பக்கம் வாஷர், காடி வெட்டிய நட்டு, அது கழலாமல் இருக்க ஸ்பிளிட் பின், அதற்குமேல் தகர மூடி. ஊரில் லாரிப் பட்டறையில் வீலுக்கு கிரீஸ் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதல்ல.

லாரி வீலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தண்ணீர். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் இழுத்துக்கொண்டு போனால் ஹப் சூடாகும். உள்ளே இருக்கும் காற்றும் விரியும். படகுத் துறைக்குப் போனதும் டிரெய்லரைப் பின்னுக்கு ஓட்டி நேராகத் தண்ணீரில் இறக்குகிறோம். வெந்நீரில் கழுவிய டம்ளரை ஈரமான மேடையில் கவிழ்த்து வைத்தால், ஆறியதும் அது மேடையைக் கவ்விக்கொள்ளும் அல்லவா? அதேதான் இங்கும் நடக்கிறது. 60 டிகிரியில் இருந்த காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் கன அளவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்தக் குறையை நிரப்ப ஹப் எதையாவது உள்ளே இழுத்தாக வேண்டும். சுற்றிலும் இருப்பது கடல்நீர். வழி, கொஞ்சம் தேய்ந்த பின்பக்க சீல்.

இப்படி நுழைந்த தண்ணீர் அன்றைக்கே பேரிங்கைக் கொன்றுவிடாது. ஓடிக்கொண்டிருக்கும் வரை உருளைகள் கிரீஸைத் திரும்பத் திரும்பத் தம்மேல் பூசிக்கொள்கின்றன. கேடு விளைவது ஓடாமல் நிற்கும் மாதங்களில்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டிரெய்லர் வீட்டு முற்றத்தில் அசையாமல் நிற்கிறது. உப்புநீர் ஹப்பின் அடியில் தேங்குகிறது. அங்கே கப்பும் உருளையும் தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டில் துரு பிடிக்கிறது. பழைய கப் ஒன்றைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: உருளைகள் நின்ற இடைவெளிக்குச் சரியாக, ஒன்றன்பின் ஒன்றாக மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். விரல்நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு கோட்டிலும் தட்டும். அடுத்த பருவத்தில் ஒவ்வொரு சுற்றிலும் உருளைகள் அந்தக் குழிகளில் இடித்து இடித்து எஃகைச் செதிலாக உரிக்கும். செப்டம்பரில் புது கிரீஸ் வைத்தாலும் அந்தக் கோடுகள் மறையாது. மே மாதத்தில் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, புது கிரீஸ் வைத்து நிறுத்தினால் அவை உண்டாகவே வாய்ப்பில்லை.

இனி வேலைக்கு வருவோம். சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளை முதலில் தளர்த்திவிட்டு ஜாக்கியில் தூக்குங்கள். ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கட்டாயம், ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கையில் தெரியும்படி லொடலொடத்தால் தளர்வு. சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். கரகரவென்ற சத்தம் கேட்டால் அந்த பேரிங்கின் காலம் முடிந்தது.

சக்கரத்தைக் கழற்றி, மூடியைச் சுற்றித் தட்டி எடுங்கள். ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர் என வரிசையாக வந்ததும் வெளி பேரிங் தானாக நழுவும். கீழே கை வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் கலந்த கிரீஸ் பால் ஊற்றியதுபோல வெளுத்து, நுரைத்து, விரலில் ஒட்டாமல் வழுக்கும். பழையதை மண்ணெண்ணெயில் முழுவதும் கழுவுங்கள். உலர்த்தும்போது காற்றுக் குழாயால் பேரிங்கைச் சுழற்றாதீர்கள். உருளை தெறித்து முகத்தில் அடித்துவிடும். நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் சூடு தின்றிருக்கிறது. குழியோ துருவோ இருந்தால் கோனையும் கப்பையும் ஜோடியாகவே மாற்றுங்கள். பழைய கப்பில் புதுக் கோன் நிலைக்காது.

ஆஸ்திரேலியாவில் உதிரிபாகக் கடையில் கேட்பதும் சுலபம். சின்ன டிரெய்லர்களில் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஹோல்டன் பேரிங் என்றால் உள்ளே எல்எம்67048, வெளியே எல்எம்11949. ஃபோர்டு பேரிங் என்றால் உள்ளே எல்68149, வெளியே எல்எம்12749. எண் பேரிங்கின் விளிம்பிலேயே பொறித்திருக்கும். நினைவை நம்பாமல் அதைப் படித்து வாங்குங்கள்.

கிரீஸ் வைப்பதில்தான் பொறுமை தேவை. மேலே பூசினால் போதாது. உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். உருளைகளின் இடுக்கு வழியே மறுபக்கம் கிரீஸ் புழுப்புழுவாக எட்டிப்பார்க்கும் வரை விடாதீர்கள். சுற்றிலும் அப்படி வந்தால்தான் நிறைந்தது. தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் வாங்குங்கள். புது வகைக்கு மாறும்போது பழையதன் மேல் புதியதை வைக்காதீர்கள். வேறு வேறு அடிப்பொருள் கொண்ட கிரீஸ்கள் கலந்தால் இளகி ஓடிவிடக்கூடும். சீலை எப்போதும் புதிதாகவே போடுங்கள், சுருள்கம்பி உள்ள பக்கம் ஹப்புக்குள் பார்க்கும்படி. சீல் உட்காரும் ஆக்ஸில் பகுதியில் தடம் விழுந்திருந்தால் புது சீலும் தண்ணீரைத் தடுக்காது. அதையும் தடவிப் பாருங்கள். பிரேக் உள்ள டிரெய்லரானால் டிஸ்க்கில் கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்டை முறுக்குவதில் பலர் தவறுவது இறுக்கம் அதிகமாகி. ஹப்பைச் சுற்றிக்கொண்டே 50 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 68 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குங்கள் என்று அமெரிக்க ஆக்ஸில் கையேடுகள் சொல்கின்றன. அது உருளைகள் தம் இடத்தில் உட்காரத்தான். பிறகு ஹப்பைச் சுற்றாமல் நட்டை முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்துங்கள். காடி துளைக்கு நேர்வரவில்லை என்றால் அடுத்த காடிக்குத் தளர்த்துங்கள், இறுக்காதீர்கள். புது ஸ்பிளிட் பின் போட்டு மடக்குங்கள். துளி அசைவு இருக்கலாம். அளவுக்கு மீறி இறுகிய பேரிங் சூடேறி கிரீஸை உருக்கிவிடும்.

மூடிக்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்த ‘பேரிங் பட்டி’ (Bearing Buddy) என்ற கிரீஸ் மூடியை மாட்டிக்கொள்வது நல்லதே. உள்ளே எப்போதும் சிறிது அழுத்தம் இருப்பதால் தண்ணீர் எளிதில் நுழையாது. ஆனால் கிரீஸ் துப்பாக்கியால் திணித்துக்கொண்டே இருந்தால் பின்பக்க சீல் பிதுங்கிவிடும். டயரின் உள்பக்கத்தில் கிரீஸ் தெறித்திருந்தால் அதுதான் அறிகுறி. முன்னால் அடித்த கிரீஸ் உள் பேரிங்கைச் சேர்ந்தது என்றும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே பட்டி இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை கழற்றுவது கழற்றுவதுதான்.

அன்றாடப் பழக்கம் மூன்று. துறைக்குப் போனதும் கால் மணி நேரம் ஹப் ஆறட்டும். கட்டுகளை அவிழ்க்க, அடைப்பானைச் செருக, விளக்கு ஒயரைப் பிடுங்கிவிட அந்த நேரம் சரியாக இருக்கும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வழியில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு எச்சரிக்கை, ஒன்றுமட்டும் மற்றதைவிடச் சூடு என்றால் அதைக் கழற்றிப் பார்த்தாக வேண்டும்.

இத்தனை அக்கறை படகுக்காக மட்டும் அல்ல. பேரிங் இறுகிச் சிதைந்தால் ஆக்ஸில் முனையே அறுந்து, கழன்ற சக்கரம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் குடும்பத்தை நோக்கி உருளும். அந்தப் பொறுப்பு இழுத்துச் செல்பவருடையது. அதனால் பேரிங், சீல், கிரீஸ் எல்லாம் வைத்துத் தயாராக்கிய ஹப் ஒன்று, ஸ்பிளிட் பின், ஸ்பானர், ஜாக்கி ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டுக் காரிலேயே வைத்திருங்கள். சூடு தெரிந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி மாற்றிவிட்டால், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டிப்பார்க்கும் ஆசைக்கு வேலையே இருக்காது.