பழைய வளவு விலைக்கு வந்தால்

நாமகிரிப்பேட்டை பக்கத்துப் பழைய தெருக்களில் வளவு வீடுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே போனால் நடுவில் பொதுவாசல், சுற்றிலும் நாலைந்து குடித்தனம். சீமை ஓடு, சுண்ணாம்புச் சுவர், கடைக்கோடியில் எல்லோருக்குமாக ஒரே கழிவறை. மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குபவர், தறி ஓட்டுபவர், பிள்ளைகள் படிப்புக்காகக் கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம் என்று பல ஊர்க்காரர்கள் ஒரே வளவில் இருப்பார்கள். இடத்துக்கு விலை ஏறியதும் வாரிசுகள் விற்கப் பார்க்கிறார்கள். “வாடகையும் வந்துட்டிருக்கும், இடிச்சா காம்ப்ளெக்ஸும் கட்டலாம்” என்பார் தரகர். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தத்தை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வில்லங்கச் சான்றிதழ் என்பது பதிவான பத்திரங்களின் பட்டியல், அவ்வளவுதான். பதிவாகாத உயில், பெரியவர்கள் வாய்மொழியாகப் பிரித்த பாகம், 11 மாத வாடகை ஒப்பந்தம் எதுவும் அதில் வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது. இணையத்தில் கிடைக்கும் விவரம் பல அலுவலகங்களுக்கு 1975-லிருந்துதான் தொடங்குகிறது. வீடு அதைவிடப் பழையது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு முந்தைய ஆண்டுகளையும் தேடச் சொல்ல வேண்டும்.

வில்லங்கத்தில் வராதவற்றில் ஆளைக் கவிழ்ப்பது போக்கியம். இரண்டு மூன்று லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு சரி, பதிவு செய்வதில்லை. கிரயம் முடிந்து சாவியோடு போய் நிற்கும்போது, “என் பணத்தை வைங்க, போறேன்” என்பார் குடியிருப்பவர். பழைய உரிமையாளரோ பணத்தை வாங்கிக்கொண்டு திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போயிருப்பார்.

“எனக்குத் தெரியாது” என்று வாங்கியவர் தப்பிக்க வழி குறைவு. ஒரு சொத்தில் யார் நேரடியாகக் குடியிருக்கிறாரோ, அவருக்கு அதில் என்ன உரிமை இருக்கிறதோ, அது வாங்குபவருக்குத் தெரியும் என்றே 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 3-வது பிரிவின் விளக்கத்தில் சொல்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு. எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒவ்வொரு கதவையும் தட்டுங்கள். எப்போதிலிருந்து இருக்கிறார், எவ்வளவு முன்பணம், வாடகையா போக்கியமா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருப்பித் தரவேண்டிய தொகையைக் கிரயத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள். குடித்தனக்காரரைப் பார்க்கவே விடாமல் அவசரப்படுத்துகிற தரகரோடு பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது வாரிசு. “அண்ணன் தம்பி மூணு பேரும் கையெழுத்துப் போடுறாங்க” என்பார்கள். கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகள்? இந்துக் குடும்பத்தில் உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு 1956-லிருந்தே உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-ல் வழி திறந்தது, ஆனால் அதற்குமுன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. அந்த ஆண்டில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-ல் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினை அசையாது. சீர் செய்தோம், நகை போட்டோம் என்பது பங்குக்கு ஈடாகாது. வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது முன்பே விடுதலைப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும்.

ஒரு தம்பியின் பங்கை மட்டும் மலிவாக வாங்குவது இன்னொரு பொறி. பிரிக்காத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் மற்றவர்களோடு சேர்ந்து குடியேறும் உரிமை பெறமாட்டார். அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தாரே எடுத்துக்கொள்ள 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் தருகிறது.

பட்டாவும் வீட்டுவரி ரசீதும் துணை ஆதாரங்கள்தான், அவையே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. பழைய வீடுகள் பல நத்தம் மனையில் இருப்பதால் தாய்ப்பத்திரமே இல்லாமலும் இருக்கலாம். அப்போது நத்தம் பட்டா, பழைய வரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் வழக்கறிஞர் பார்க்க வேண்டும். பத்திரத்தின் சொத்து விவரத்தில் “மாமூல் தடப் பாத்தியம்” (வழக்கமாக நடந்துபோகும் வழி உரிமை), “பொதுச்சுவர்” என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று நிதானமாகப் படியுங்கள். இடித்துக் கட்டும்போது சண்டை அங்கிருந்துதான் கிளம்பும்.

இனி குடியிருப்பவர்களுக்கு. வீடு கைமாறியதாலேயே உங்கள் குடித்தனம் முடிந்துவிடாது, புதியவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார். விற்றது தெரியாமல் பழையவருக்கே கொடுத்த வாடகையைப் புதியவர் மறுபடி கேட்க முடியாது. முன்பணத்தை மட்டும் அவரிடம் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். பூட்டுப் போடுவதும், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி விரட்டுவதும் கூடாது. 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். அதே சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. ஒப்பந்தம் போடாமல் விட்டதையே வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாகவும் வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. “12 வருஷம் குடியிருந்தா வீடு நமக்கே” என்ற பேச்சையும் நம்பவேண்டாம். வாடகைக்கு வந்தவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் வாடகைக்காரர்தான்.

சாதி கேட்டு வீடு மறுப்பது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. தீண்டாமையின் பேரில் ஒருவர் வீடு வாங்குவதையோ குடியேறுவதையோ தடுப்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். வாங்குபவரானாலும் குடியிருப்பவரானாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.