மோட்டார் வண்டியும் இயற்கைத் தூரிகையும்

களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தை அடுத்துள்ள மட்டக்குளியில், கடற்காற்று கொணரும் உப்பும் மணலும் மோட்டார் வண்டிகளின்மீது படிகின்றன. கழுவாது விட்டால், வர்ணம் பெயர்ந்த இடத்தில் கறள் விரைவிற் பிடிக்கும். கழுவும் முறை தவறினும் கேடே விளையும்.

நம் நாட்டுத் தேங்காய்த் தும்பு, லிக்னின் என்னும் பொருள் மிகுந்திருத்தலால் விறைப்பானது. டயர்களுக்கும் மட்காட்டின் உட்புறச் சேற்றுக்கும் தும்புத் தூரிகை ஏற்றது, வர்ணத்திற்கு ஆகாது. இக்கால வண்டிகளில் வர்ணத்தைக் காக்கும் மேற்பூச்சின் தடிப்பு ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றரே. தும்பு அதிற் கீறல்களை உண்டாக்கிவிடும்.

வர்ணத்திற்கு உகந்தவை பன்றிமயிர், குதிரைமயிர்த் தூரிகைகள். பன்றிமயிரின் நுனி இயல்பாகவே பிளவுபட்டிருப்பதால், நீரைப் பற்றி மென்மையாகத் துடைக்கும். எனினும், மயிரிடையே சிக்கிய மணல் எத்தூரிகையையும் அரமாக்கிவிடும். ஆதலின், முதலில் நீரைத் தாராளமாக ஊற்றி மணலைப் போக்குதல் வேண்டும். பின்னர், நீரில் ஊறி இளகிய தூரிகையை, வண்டிக்கென்றே செய்யப்பட்ட சவர்க்கார நீரில் தோய்த்து, மேலிருந்து கீழாக அழுத்தாது தேய்க்க வேண்டும். இடையிடையே வேறொரு வாளி நீரில் அலச வேண்டும்.

வேலை முடிந்ததும், தூரிகையை நுனி கீழ்நோக்கத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துங்கள். ஈரத்துடன் வைத்த மயிர் விரைவில் இற்றுப்போகும்.