இரண்டு வரியில் மூன்று உண்மை

கணிப்பொறியின் அட்டவணையில் 'விழுப்புரம்–திருவண்ணாமலை', 'திருவண்ணாமலை–காட்பாடி' என இரண்டே ரயில் பாதைகள் உள்ளதாகக் கொள்வோம். விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போகலாமா? அதற்கான வரி இல்லை. ஆயினும், 'ஓர் ஊரிலிருந்து இரண்டாம் ஊருக்கும், அங்கிருந்து மூன்றாம் ஊருக்கும் பாதை இருந்தால், முதல் ஊரிலிருந்து மூன்றாம் ஊருக்குப் போகலாம்' என்ற விதியைக் கொடுத்தால், கணிப்பொறி 'ஆம்' என்று அனுமானிக்கும். தகவல்களை அட்டவணைகளாகத் தொடர்புபடுத்தும் முறையை 1970-ல் எட்கர் காட் வெளியிட்டார்.

இனி ஒரு வரியை அழியுங்கள். உடனே 'இல்லை' என்ற விடை வரும். தண்டவாளமோ அப்படியே கிடக்கிறது! எழுதப்படாததைப் பொய்யெனக் கொள்ளும் இந்த 'மூடிய உலக'க் கருதுகோளை 1978-ல் ரேமண்ட் ரைட்டர் விளக்கினார். உதவித்தொகைப் பட்டியலில் விடுபட்ட பெயருக்கும் இதே கதிதான். எனவே 'இல்லை' என்று விடை வந்தால், அட்டவணை முழுமையானதா என்று முதலில் பாருங்கள்.