திருவிழாச் செய்திகளில் ‘எழுந்தருளு’ என்னும் வினை: காஞ்சிபுரத்தை முன்வைத்து

முன்னுரை

1882இல் வார இதழாகத் தோன்றிய சுதேசமித்திரன் 1899இல் நாளிதழாயிற்று. அதன்பின் வளர்ந்த தமிழ்ச் செய்தி உரைநடை, புதிய நிறுவனங்களைக் குறிக்கப் புதுச்சொற்களை ஆக்கிக்கொண்டது. கோயில் விழாக்களைக் குறிக்கவோ பழஞ்சொற்களையே பெரிதும் கையாண்டது. அவற்றுள் ஒன்று ‘எழுந்தருளு’ என்னும் வினை. வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிப் பெருவிழா, ஏகாம்பரநாதர் கோயிலின் பங்குனி உத்திரம், காமாட்சியம்மன் கோயிலின் மாசிப் பெருவிழா எனக் காஞ்சிபுரத்து விழாக்கள் பற்றிய செய்திகளில் இவ்வினை இடையறாது பயின்றுவருகிறது. இது வெறும் மரியாதைச் சொல் அன்று. நிகழ்வின் வினைமுதல் யார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யும் சொல் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லமைப்பும் பொருளும்

‘எழுந்து’ என்னும் வினையெச்சத்தோடு ‘அருள்’ என்னும் துணைவினை சேர்ந்து இவ்வினை அமைகிறது. ‘செய்தருளினார்’ என்பதில் ‘அருள்’ உயர்வை மட்டுமே சுட்ட, முதல்வினை தன் பொருளை இழப்பதில்லை. ‘எழுந்தருளு’ என்பதிலோ ‘எழு’ என்பதன் பொருளே தேய்ந்துவிட்டது. தை மாதப் பார்வேட்டைக்காகப் பெருமாள் ‘பழைய சீவரத்திற்கு எழுந்தருளினார்’ என நான்காம் வேற்றுமை வரும்போது ‘சென்றார்’ என்பது பொருள். ‘கருட வாகனத்தில் எழுந்தருளினார்’ என ஏழாம் வேற்றுமை வரும்போது ‘ஏறியமர்ந்தார்’ என்பது பொருள். ‘எழுந்தருளியிருக்கிறார்’ என ‘இரு’ சேரும்போது ‘உறைகிறார்’ என்பது பொருள். ‘சயனக் கோலத்தில் எழுந்தருளியுள்ளார்’ என்னும் தொடரில் கிடத்தலும் எழுதலும் முரணாகத் தோன்றாமைக்கு இப்பொருள் தேய்வே காரணம்.

வினைமுதலும் வினை செய்வோரும்

விழாவில் திருமேனியைத் தோளில் சுமந்து செல்வோர் ஸ்ரீபாதம் தாங்கிகள். ‘பெருமாள் வீதியில் எழுந்தருளினார்’ என்னும் தொடரில் அவர்களுக்கு இடமில்லை. நடப்பவர் இறைவன், சுமப்பவர்களின் உழைப்பு தொடருக்கு வெளியே நிற்கிறது.

சோழர்காலக் கல்வெட்டுகளில் இதன் பிறவினை வடிவமும் வழங்கியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தினரும் அலுவலர்களும் அமைத்த திருமேனிகளைக் குறிக்கும்போது ‘எழுந்தருளுவித்த’ என்கின்றன. இவ்வடிவத்தில் செய்வித்தவர் பெயரும் இறைவனின் உயர்வும் ஒருங்கே காக்கப்படுகின்றன. இன்றைய செய்திகளில் வரும் ‘எழுந்தருளச் செய்தனர்’ என்பது அதன் வழித்தோன்றலே. ஆனால் ‘எழுந்தருளச் செய்யப்பட்டார்’ எனச் செயப்பாட்டுவினையாகும்போது, பிறவினை வெளிப்படுத்திய மனிதர்கள் மீண்டும் மறைந்துவிடுகின்றனர்.

அத்திவரதர் செய்திகள்

அனந்தசரஸ் குளத்திலிருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிக்கொணரப்படும் அத்திவரதர் 1939, 1979, 2019 ஆகிய ஆண்டுகளில் காட்சியளித்தார். 2019இல் சூலை 1 முதல் ஆகத்து 17 வரை, முதலில் சயனக் கோலத்திலும் பின்னர் நின்ற கோலத்திலுமாக 48 நாள் விழா நடைபெற்றது. குளத்திற்குத் திரும்பிய நிகழ்வைக் குறிக்க மூவகைத் தொடர்கள் இயலும். ‘எழுந்தருளினார்’ என்பதில் இறைவனே வினைமுதல். ‘சிலை வைக்கப்பட்டது’ என்பதில் அஃறிணைப் பொருள். ‘வைக்கப்பட்டார்’ என்பதோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது: வினை பொருளுக்குரியது, விகுதி உயர்திணைக்குரியது. செய்தி உரைநடையின் தயக்கம் இவ்விடை வடிவத்தில் வெளிப்படுகிறது.

சிலைத் திருட்டுச் செய்திகளில் இத்தயக்கம் அரிது. அங்குச் ‘சிலை மீட்கப்பட்டது’ என்பதே பெருவழக்கு. 1991இல் லண்டனிலிருந்து மீண்ட பத்தூர் நடராசர் வழக்கில் கோயிலின் சிவலிங்கமும் உரிமைகோரும் தரப்பாக நின்றது. சட்டம் தரப்பினராக ஏற்ற இறைவனைச் செய்தியின் இலக்கணம் பொருளாகக் கண்டது.

முடிவுரை

‘எழுந்தருளினார்’ என்பது பக்தரின் நோக்கு. ‘வைக்கப்பட்டது’ என்பது புறத்தே நிற்பவரின் நோக்கு. இவற்றுக்கு அப்பாற்பட்ட நடுநிலை வினை ஒன்று செய்தியாளர்க்கு வாய்க்கவில்லை. ஆகவே பழைய இதழ்களைத் தரவாகக் கொள்ளும் ஆய்வாளர், இவ்வினை எத்தனை முறை வந்துள்ளது என எண்ணுவதோடு அமையாது, எழுவாய், வேற்றுமை உருபு, திணை விகுதி, தன்வினை பிறவினை வேறுபாடு ஆகியவற்றையும் குறித்துவைத்தல் வேண்டும். இல்லையேல், இறைவன் சென்ற வீதிகள் மட்டும் பதிவாகும்; சுமந்து சென்றவர்கள் வரலாற்றில் இடம்பெறாமல் போவர்.